திருடனுக்குப் போட்ட பூட்டு

திருட்டைத் தடுக்கும் கருவியை ரிப்பேர் பார்க்கிற தொழிலில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். இதுவரை ஒரு திருடனைக்கூடப் பார்த்ததில்லை. அந்தப் பூட்டில் மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் வண்டிக்குச் சொந்தக்காரர்கள்தான்.

ராசிபுரத்தில் எனக்கு ஒரு சின்ன ஆட்டோ எலக்ட்ரிகல் கடை. லைட், ஹாரன், பேட்டரி எல்லாம் பார்ப்பேன் என்றாலும் பிழைப்பு பெரும்பாலும் இம்மொபைலைசரில்தான் ஓடுகிறது. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கார் சாவியின் தலைக்குள் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சில்லு இருக்கிறது. சாவி நுழைக்கிற இடத்தைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது. வண்டியைக் கிளப்பும்போது வளையம் சில்லைப் படித்து, "நம்ம ஆள்தான்" என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் இஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்காது. மீட்டரில் சிவப்பாகச் சாவிப் படம் சிமிட்டும். பட்டுப்புடவையும் மொய்க்கவருமாகக் குடும்பமே காரில் ஏறி உட்கார்ந்த பிறகு அந்தச் சிமிட்டலைப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் வண்டிக்காரர்கள் கற்றுக்கொடுத்தது. சொன்னால் வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன். உண்மையிலேயே பயந்தது ஒரே ஒரு முறை. அது மூவாயிரம் கோழிக்குஞ்சுகளின் கதை. கடைசியில் வருகிறேன்.

வெள்ளித் தொப்பி

சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் மாணிக்கம் அண்ணன். மகளுக்குக் கல்யாணப் பரிசாகக் கார் வாங்கியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், கார் கிளம்பவில்லை. இரண்டாவது சாவி போட்டால் கிளம்புகிறது, முதல் சாவி போட்டால் சிமிட்டுகிறது. நான் ஸ்கேனரை மாட்டினேன். "சாவி தெரியவில்லை" என்றது. சாவியில்தான் கோளாறு, புதுச் சாவிக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்போதுதான் சாவியை நிதானமாகப் பார்த்தேன். தலை முழுவதையும் மூடி ஒரு வெள்ளிக் கவசம். தாமரை இதழ், நடுவில் மகளின் பெயரில் முதல் எழுத்து, ஓரத்தில் கொலுசுக்குப் போடுகிற அதே பின்னல். அண்ணனே தன் கையால் மூன்று நாள் உட்கார்ந்து செய்தது. இப்படி ஒரு வேலையை நான் எந்த நகைக்கடையிலும் பார்த்ததில்லை. உள்பக்கம் எப்படிப் பற்றவைத்திருக்கிறார் என்று பார்க்கிற ஆசையில் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் சாவியைச் சும்மா திருப்பினேன். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. வெள்ளி மூடியிருந்ததால் வளையத்தால் சில்லைப் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். இதைச் சொன்னால் மனிதர் மனம் நொந்துபோவாரே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திரும்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "நம்ம வெள்ளியோட சுத்தம் அப்பிடிங்க! சிக்னலுக்கே உள்ள போக வழியில்லைன்னா பாத்துக்கங்க!"

ஒரே கொத்து

ஆத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜபருல்லா பாய் வீட்டில் இரண்டு கார்கள், இரண்டும் ஒரே கம்பெனி. பாய் ஓட்டினால் ஒரு நாள் கிளம்பும், மறுநாள் கிளம்பாது. அவர் மனைவி பாத்திமா அக்கா ஓட்டினால் ஒரு நாளும் தகராறு செய்ததில்லை. "என் கையில என்ன தம்பி குத்தம்?" என்று பாய் கேட்டார். கையில் குற்றமில்லை, கையில் இருந்த கொத்தில்தான் இருந்தது. இரண்டு கார் சாவி, கடைச் சாவி, குடோன் சாவி, பீரோ சாவி என்று எல்லாம் ஒரே வளையத்தில். அவருக்குத் தெரியாமல் வீட்டில் யாரும் எதையும் திறந்துவிடக் கூடாது என்கிற ஏற்பாடு.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அக்காதான். அவர் ஒரு வாரம் பொறுமையாகக் கவனித்திருக்கிறார். தன்னிடம் இருந்த தனிச் சாவியில் கார் ஓடுகிறது, கொத்துச் சாவியில் மக்கர் செய்கிறது, அதிலும் இன்னொரு கார்ச் சாவி பக்கத்தில் சாய்ந்து தொங்கும்போது மட்டும் செய்கிறது என்று எனக்கு வரிசையாகச் சொன்னார். இரண்டு சில்லும் ஒரே நேரத்தில் பேசினால் வளையம் குழம்பிப்போகும். படித்துப் பட்டம் வாங்கியவர்கள்கூட இப்படி அடுக்கிச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் ஆமாம் என்று தலையாட்டியதும் பாய் மறுபேச்சில்லாமல் கொத்தைப் பிரித்தார். அக்கா தேநீரை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "எல்லாத்தையும் ஒரே கைக்குள்ள வெச்சுக்காதீங்கன்னு இருபது வருசமா நானும் சொல்றேன் தம்பி. நான் சொன்னா ஏறல, கார் சொன்னதும் ஏறிடுச்சு."

பிஸ்கட் டப்பா

எங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் குடைக்குக் கீழே உட்கார்ந்து சாவி செய்பவர் தங்கராசு. ஒருவர் உடைந்த கார்ச் சாவிக்கு அவரிடம் புதுக் கூடு மாற்றிக்கொண்டு போயிருந்தார். பார்க்கப் பளபளவென்று இருந்தது, கார்தான் கிளம்பவில்லை. சாவியைப் பிரித்தேன், உள்ளே சில்லு இல்லை. பழைய கூட்டிலேயே தங்கிவிட்டது. பழைய கூடு போய் இரண்டு மாதம் ஆகிறது. சில்லு குப்பையில் போயிருக்கும் என்று நான் கை விரித்துவிட்டேன். வண்டிக்காரரோடு போய் தங்கராசுவை நாலு கேள்வி கேட்டுவிட்டு வரலாம் என்கிற கோபத்தில்தான் போனேன்.

அவர் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்தார். உள்ளே உடைந்த சாவிக் கூடுகள். ஒவ்வொன்றையும் சின்னக் காகிதத்தில் சுற்றி, ஊர்ப்பெயர் எழுதி வைத்திருக்கிறார். வெண்ணந்தூர், ஆண்டகளூர், மல்லூர் என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, எங்களுடையதை எடுத்துக் கையில் வைத்தார். சில்லு அப்படியே இருந்தது. இதை எதற்கு எடுத்துவைத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். "உள்ள என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியாத பொருளைத் தூக்கி எறியறதுக்கு நான் யாருங்க?"

சண்டை யாரோடு

ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்று, வடக்கே எங்கோ போர் போடப் போன இடத்தில் கிளம்பாமல் நின்றது. ஓனர் எனக்குப் போன் போட்டார். அவர் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் திருட்டுக்குப் பயந்து யாரோ தனியாக ஒரு ரகசிய சுவிட்ச் பொருத்தியிருக்க வேண்டும், அதை அழுத்தாமல் வண்டி கிளம்பாது. பழைய டிரைவர் பொருத்தியிருப்பார், அவரைக் கேளுங்கள் என்றேன். அந்த ஆளோடு சண்டை, வேலையை விட்டு நின்றுவிட்டார், அவரிடம் போய்க் கேட்பதைவிட வண்டி அங்கேயே நிற்கட்டும் என்றார் ஓனர். நம்பரை வாங்கி நானே கூப்பிட்டேன். பழைய டிரைவர் அடுத்த நொடியே சொன்னார், சீட்டுக்குக் கீழே, தண்ணீர் கேன் வைக்கிற இடத்துக்குப் பின்னால் என்று. அதோடு விடவில்லை, குளிரில் இரண்டு தடவை அழுத்த வேண்டும் என்பதையும் சொன்னார். ஓனரோடு கோபமாக இருக்கிறீர்கள் என்றாரே என்று இழுத்தேன். "கோவம் ஓனரோடதானுங்க. வண்டி என்னைய என்ன பண்ணுச்சு?"

பதினோரு குஞ்சு

இவ்வளவு பேரைப் பார்த்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதற்கு இதுதான் சாட்சி. கோகிலா, குஞ்சு வண்டி ஓட்டுகிறவர். பொரிப்பகத்திலிருந்து ஒரு நாள் வயதுக் குஞ்சுகளைப் பண்ணைக்குக் கொண்டுபோகிற வேன். அந்தப் பொரிப்பகத்துக்கு ஓட்டுகிறவர்களில் அவர் ஒருத்தர்தான் பெண். ஒரு லோடு வீணானால் அடுத்த லோடுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். சித்திரை மாதம், காலை பதினோரு மணி. வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் இஞ்சினை அணைக்காமலே பாதி இறக்கிவிட்டு, மீதி மூவாயிரம் குஞ்சோடு கெங்கவல்லிக்குக் கிளம்பியிருக்கிறார். மாடு குறுக்கே வந்து பிரேக் போட்டதில் இஞ்சின் அணைந்தது. பிறகு கிளம்பவில்லை. இஞ்சின் நின்றால் பின்னால் ஏசி நின்றுவிடும். அந்த வெயிலில் ஒரு நாள் குஞ்சு எவ்வளவு நேரம் தாங்கும்?

நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது அவர் பெட்டிகளைப் புளியமர நிழலில் இறக்கிக்கொண்டிருந்தார். "அண்ணா, பண்ணை வாசல்ல மருந்து..." என்று ஆரம்பித்தார். "கொஞ்சம் சும்மா இரும்மா, மெசின் சொல்லட்டும்" என்று ஸ்கேனரை மாட்டினேன். மெசின் சாவி தெரியவில்லை என்றது. அவர் வண்டியிலேயே வைத்திருந்த இன்னொரு சாவியைப் போட்டேன், அதுவும் தெரியவில்லை என்றது. வயரைப் பார்த்தேன், ஃபியூஸைப் பார்த்தேன். அரை மணி நேரம் போய்விட்டது. கம்ப்யூட்டர் போய்விட்டது, இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்றேன். குஞ்சுகளின் சத்தம் குறைய ஆரம்பித்திருந்தது. சத்தம் போடும்போது பயமில்லை, குறையும்போதுதான் பயம்.

கோகிலா அழவில்லை. எதிரே இருந்த தறிப்பட்டறைக்காரரிடம் ஓடினார். அவர் தறியை நிறுத்திவிட்டு எல்லா ஃபேனையும் போட்டார், பெட்டிகள் அத்தனையும் தறிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தன. திரும்பி வந்து என் முன்னால் நின்று, இந்த முறை நான் தடுக்க முடியாத குரலில் சொன்னார். எந்தக் கோழிப்பண்ணையிலும் வண்டி நுழையும்போது வாசலில் கிருமி மருந்து அடிப்பார்கள், டயருக்கும் அடிப்பாகத்துக்கும். இன்று புதிதாகச் சேர்ந்த ஆள் கதவைத் திறந்து, ஸ்டீயரிங் மேலேயே பீய்ச்சிவிட்டார்.

ஸ்டீயரிங் மூடியைக் கழற்றினேன். வளையத்தின் சாக்கெட்டுக்குள் மருந்துத் தண்ணீர் தேங்கி, வெள்ளையாகப் பூத்திருந்தது. துடைத்தேன். பட்டறைக்காரர் பஞ்சு ஊதுகிற புளோயரை நீட்டினார், அதைக் கொண்டு ஊதிக் காயவைத்து மாட்டினேன். சாவிப் படம் அணைந்தது, இஞ்சின் பிடித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவர் பெட்டிகளை ஏற்றினார். ஏற்றும்போதே உயிரில்லாத குஞ்சுகளை எடுத்துத் தனியே வைத்தார், பதினொன்று. உடனே பொரிப்பகத்துக்குப் போன் போட்டார். "வண்டி ஒரு மணி நேரம் நின்னுபோச்சுங்க. பதினோரு குஞ்சு போயிருச்சுங்க. மீதி எல்லாம் நல்லாருக்குது, இப்ப கெளம்பறேனுங்க" என்றார். ஒரு எழுத்துக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை, என் பெயரை இழுக்கவுமில்லை. இந்த ஒரு மணி நேரத்தில் பாதி என்னால் போனது என்று அவர் சொல்லியிருக்கலாம். மறுவாரமும் அவரைத்தான் லோடுக்குக் கூப்பிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, எனக்கே வேலை கிடைத்ததுபோல இருந்தது.

கிளம்பும்போது என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கியரைப் போட்டுவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "மெசின்கிட்டக் கேட்டத மொதல்ல என்கிட்டக் கேட்டிருந்தீங்கன்னா, அந்தப் பதினொண்ணும் இப்ப கத்திக்கிட்டு வந்திருக்குமுங்கண்ணா. சரி, வாரேனுங்க."

யோசித்துப் பார்த்தால், திருடனைத் தடுப்பதற்காகச் செய்த இந்தப் பூட்டு இத்தனை வருஷத்தில் சரியான ஆளைத் தடுத்து நிறுத்தியது ஒரே ஒரு முறைதான்: வண்டிக்காரர் சொல்வதைக் காதில் வாங்காமல் அவர் வண்டியில் கை வைத்த என்னை.