ராங்கிக்காரி என்று பெயர்

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ராங்கிக்காரி என்று பெயர். பெயர் வைத்தவர்களையும் குறை சொல்ல முடியாது. லிஃப்ட்டில் தோளோடு தோள் இடிக்க நின்றாலும் ஏறிட்டுப் பார்க்க மாட்டாள். நேற்று ஒரு மணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசியவரை இன்று படிக்கட்டில் கண்டால் சுவரைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போவாள். படித்த திமிர் என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பு அவள் காதுக்கும் வந்தது. வந்தால் என்ன, அதுவே பாதுகாப்பு என்று விட்டுவிட்டாள்.

விஷயம் இதுதான்: அவளுக்கு முகம் தெரியாது. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை; ஊசியில் நூல் கோக்க இன்னும் கண்ணாடி தேடியதில்லை. மூக்கு தெரியும், வாய் தெரியும், அதெல்லாம் சேர்ந்து இன்னார் என்று சொல்கிற வேலையை மட்டும் அவள் மூளை பிறந்ததிலிருந்து செய்ததில்லை. நடையையும் குரலையும் தலைமுடியையும் வைத்தே பாதி ஆயுளை ஒப்பேற்றியிருந்தாள். இது புருஷனுக்கு மட்டும் தெரியும். பள்ளிக்கூட வாசலில் தன் பெண்ணைத் தேடவே மாட்டாள். ஒரே கம்பத்தடியில் நிற்பாள், பெண் வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு தடவை அவசரப்பட்டு வேறு யாருடைய பிள்ளையின் கையையோ பிடித்து இழுத்துவிட்டாள். அது வீரிட்டு அழ, அதன் அப்பா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அன்றைக்கு உடம்பெல்லாம் கூசிப்போனவள், அதற்குப் பிறகு அவசரப்பட்டதே இல்லை.

கூத்து என்னவென்றால், இவள் ஆராய்ச்சியே முகத்தைப் பற்றித்தான். மூளை ஒரு முகத்தை இன்னொன்றிலிருந்து எப்படிப் பிரிக்கிறது என்பதில் டாக்டர் பட்டம் வாங்கியவள். ஊருக்கெல்லாம் இருப்பது தனக்கு மட்டும் ஏன் இல்லை என்ற எரிச்சலில் தொடங்கிய படிப்பு அது. குட்டு வெளிப்பட்டால்? முகமே தெரியாதவளா முகத்தைப் பற்றி எழுதினாள் என்று யாராவது ஒருத்தர் சிரித்தால் போதும், எழுதியதெல்லாம் குப்பைக்குப் போகும். அதற்கு ராங்கிக்காரி எவ்வளவோ தேவலை.

அந்த வருடம் மூளையும் இயந்திரமும் வடிவங்களை எப்படி அறிகின்றன என்று ஒரு பயிலரங்கு நடத்தத் துறையில் முடிவானது. நரம்பியல் ஆட்களுக்கும் கம்ப்யூட்டர் ஆட்களுக்கும் ஏழாம் பொருத்தம். இரண்டு பக்கமும் சேராதவள் என்று இவளை ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார் துறைத் தலைவர். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய காரியம் அவள் கைக்கு வந்திருந்தது. வீட்டில் இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தாள்.

திட்டக் கூட்டம் இரண்டாவது மாடியில். நான்கே பேர்: தலைவர், நரம்பியல் டாக்டரம்மா, கம்ப்யூட்டர் பேராசிரியர், இவள். கம்ப்யூட்டர் பேராசிரியருக்கு இவளைக் கண்டாலே ஆகாது. ஆறு வருடமாக அவர் வைத்த வணக்கத்துக்குப் பாதி நாள் பதில் வந்ததில்லை.

"தொடக்க நாள்ல வெறும் பேச்சா இருந்தா பாதிப் பேர் டீ குடிக்கப் போயிடுவாங்க," என்றார் அவர். "ஒரு போட்டி வைப்போம். என் மிஷின் ஒரு பக்கம், ஒரு மனுஷர் ஒரு பக்கம். நம்ம வளாகத்து ஆளுங்க போட்டோ, முடி காது எல்லாம் வெட்டிட்டு வெறும் முகம். யார் சரியா சொல்றாங்கன்னு பார்ப்போம்."

"மனுஷங்க பக்கம் யாரு?" என்றார் டாக்டரம்மா.

"வேற யாரு? முகத்துலயே டாக்டர் பட்டம் வாங்கினவங்க இதோ இருக்காங்களே."

அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள். "போட்டோ போடறதுக்கு எல்லார்கிட்டயும் சம்மதம் வாங்கணும் சார். அதுக்கு நேரம் இல்ல."

"வெப்சைட்ல இருக்கிற போட்டோதான் மேடம். இப்பவே ஒத்திகை பாத்துடுவோம்." புரொஜெக்டரை முன்கூட்டியே மாட்டி வைத்திருந்தார் மனுஷர்.

திரையில் முட்டை வடிவத்தில் ஒரு முகம். வெள்ளை மீசை. வளாகத்தில் வெள்ளை மீசை ஒன்றுதான். "நம்ம தலைவர்," என்றாள். அடுத்தது மூக்கோரம் மச்சம். "டாக்டர் மேடம்." கைதட்டினார்கள். இப்படியே தப்பித்துவிடலாமா என்று ஒரு நப்பாசை எழுந்தது.

மூன்றாவது ஒரு பெண். மச்சம் இல்லை, தழும்பு இல்லை, பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. கணக்குப் பிரிவு அம்மாவா? நூலகத்துக்குப் புதிதாக வந்தவளா? மிஷின் அதற்குள் 'கிளிங்' என்று விடை சொல்லத் தயாராகிவிட்டது. மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவங்களை நான் பார்த்ததே இல்ல," என்றாள்.

தலைவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். டாக்டரம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. திரையில் முகத்துக்குக் கீழே மிஷின் எழுதியிருந்தது: ஒருங்கிணைப்பாளர்.

அவர்கள் அதைக் கிண்டல் என்று நினைத்துவிட்டார்கள். கூடச் சேர்ந்து சிரித்தால் போதும், இன்றைக்குப் பிழைத்தாள். ஆனால் தொடக்க நாளன்று மேடையில், நிறைந்த அரங்கில்? அதற்கடுத்த வருடம்? இத்தனை வருடம் ஓடிய ஓட்டத்தில் அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

"ஜோக் இல்ல," என்றாள். "அது நான்னு எனக்குத் தெரியலை. யார் முகமும் எனக்குத் தெரியாது. பொறந்ததுலேர்ந்தே."

சிரிப்பு அப்படியே நின்றது. கேலி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கேலி வரவில்லை. டாக்டரம்மா பேனாவைத் திறந்தார்.

"உங்க அம்மா பக்கம் யாருக்காவது உண்டா? சார், இது எவ்வளவு அபூர்வமான கேஸ் தெரியுமா? போட்டியே வேண்டாம். இவங்களையே மேடையில உக்கார வெச்சு, போட்டோ காட்டிக் காட்டி..."

"பிரமாதம்," என்றார் தலைவர். "நிகழ்ச்சி நிரல்ல என்னன்னு போடறது?"

"நேரடி விளக்கம்னு போடுங்க. முதல்ல இவங்க புருஷன் போட்டோ, அப்புறம் குழந்தையோடது," என்றார் டாக்டரம்மா.

அவள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். அது அவர்களுக்கு மறந்துபோனது. அவமானத்துக்குப் பதில் கோபம் வந்தது. எழுந்தாள்.

"நான் கேஸ் இல்ல டாக்டர். இந்தப் பயிலரங்கை நடத்தறவ. என் குழந்தை போட்டோவை எந்த மேடையிலயும் யாரும் காட்டப் போறதில்ல."

"கோவப்படாதீங்கம்மா," என்றார் தலைவர், ரொம்ப இதமாக. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இந்த நிலைமையில ஒருங்கிணைப்பு வேலை உங்களுக்குப் பாரமாயிடும். வர்ற விருந்தாளிங்களையே தெரியாதே. டாக்டர் பாத்துக்கட்டுமே."

இதற்குத்தான் பயந்தாள், இதேதான் நடந்தது. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வகுப்பு விட்ட நேரம். நடைபாதை நிறைய முகங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றும் தெரியாமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

யாரோ வேகமாக வந்து எதிரே நின்றார். சட்டை எல்லோரும் போடுகிற வெள்ளைச் சட்டை.

"நான்தான் மேடம். கம்ப்யூட்டர்காரன். இப்ப உள்ள இருந்தேன்."

அவள் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"ஆறு வருஷமா வீட்ல உங்களைத் திட்டாம நான் சாப்பிட்டதில்ல," என்றார். "மதிக்க மாட்டேங்கறீங்கன்னு நெனச்சேன். இன்னிக்கு உங்களை மாட்டி விடத்தான் அந்தப் போட்டியையே கொண்டு வந்தேன். ஒருங்கிணைப்பாளரை மாத்தினா என் மிஷினும் வராது, என் ஆளுங்களும் வர மாட்டாங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். வாங்க, உள்ள போவோம்."

"எனக்கு நாளைக்கும் உங்களைத் தெரியாது சார்."

"பரவால்ல," என்றார். "நாளைக்கும் வந்து நான்தான்னு சொல்றேன்."