நான்கு மணிக் கோவில்

மாலை ஐந்து நாற்பதுக்கு அத்தை வீடு திரும்பினாள். அப்பாவின் கண்ணில் முதலில் பட்டது அவளுடைய நெற்றி. அதில் ஒன்றும் இல்லை.

"கோவில்ல நடை சாத்தியிருந்துதா அக்கா?"

"திறந்துதான்டா இருந்தது" என்று சொல்லிவிட்டு அத்தை கால் அலம்பப் போனாள்.

அன்று சனிக்கிழமை. அப்பாவுக்கு வங்கி அரை நாள்; சனி, ஞாயிறு மாலைகளில் நண்பர் வீட்டுக்குப் போய்விடுகிறவர் அன்று போகவில்லை. மற்ற நாட்களில் அவர் வருவதற்குள் அத்தை முகம் கழுவி, விளக்கேற்றி, நெற்றிக்கு இட்டுக்கொண்டிருப்பாள். அதனால் இரண்டு மாதமாக யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவள். அலிப்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்துவிட்டு அந்தக் கோடையில்தான் ஓய்வு பெற்றிருந்தாள். லேக் கார்டன்ஸில் எங்களோடு இருந்தாள். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து தினமும் நான்கு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு, "கோவிலுக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவாள்.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பா பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னார்: "இங்க சும்மா சுத்திண்டிருக்கறதுக்கு மாயவரத்துல தம்பி ஆத்துல போய் நிம்மதியா இருக்கலாம். அவனுக்கு ஒரு கடுதாசு போட்டுடறேன்."

அத்தை மோர் போதும் என்றாள்.

மறுநாள் நான்கு மணிக்கு அப்பா என்னையும் கூட அனுப்பினார். எனக்கு ஒன்பது வயது. பார்த்ததை வந்து சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, சொல்லாமலே புரிந்தது.

ரயில் பாதையைத் தாண்டியதும் கோவிலுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். அத்தை நேராக ஏரிக்குப் போனாள். தண்ணீரைப் பார்த்த சிமெண்ட் பெஞ்சு ஒன்றைப் புடவைத் தலைப்பால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். கெட்டிலோடு நின்றிருந்த டீக்காரர் கேட்காமலே வந்து ஒரு மண்குவளையை நிரப்பினார். என்னைப் பார்த்துவிட்டு இன்னொன்றையும் நிரப்பினார்.

எங்கள் வீட்டில் வெளியே எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது. வீட்டிலும் டம்ளரில் உதடு படக் கூடாது. காப்பியானாலும் தண்ணீரானாலும் அண்ணாந்துதான். அத்தை அந்த முப்பது வருடமும் அலுவலகத்துக்குக் கூஜாவில் தண்ணீர் கொண்டுபோனவள்.

நான் பழக்கத்தில் குவளையை உயரத் தூக்கினேன்.

"ஐயோ, கொட்டிண்டா நாக்கு வெந்துடும்டி. உதட்டுல வெச்சு உறிஞ்சு."

"எச்சில் இல்லையா அத்தை?"

"குடிச்சு முடிச்சு உடைச்சுட்டா எச்சில் எங்கேடி இருக்கு?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். குவளையின் விளிம்பை உதட்டோடு வைத்தபடி, குடிக்காமல், படகுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சத்தமாக உறிஞ்சினாள். இஞ்சியும் சுட்ட மண்ணும் கலந்த வாசனை.

"ஆர் ஏக்டா, மாஷிமா?" இன்னொன்று வேண்டுமா பெரியம்மா என்று டீக்காரர் வங்காளியில் கேட்டார். அத்தை குவளையை நீட்டினாள். இரண்டாவதையும் குடித்துவிட்டு அதை மரத்தடியில் வீசி எறிந்தாள். அது உடைந்த சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தாள்.

இப்போது எனக்கு அத்தையின் அந்த வயது. அந்த முகத்தை இப்போதுதான் சரியாக நினைவுபடுத்திக்கொள்ள முடிகிறது.

திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா கேட்டா என்னடி சொல்லுவே?"

"கோவில்னு."

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசிப் பெட்டி போகும்வரை விடவில்லை.

வீட்டில் அப்பா செய்தித்தாளை விரித்திருந்தார். "எங்கே போனேள் ரெண்டு பேரும்?"

"கோவிலுக்கு" என்றேன்.

"விபூதி எங்கேடி?"

நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அப்பா செய்தித்தாளை மடிக்கத் தொடங்கினார்.

"இங்க வாடி, மூஞ்சியைப் பாரு" என்று அம்மா என்னை இழுத்துத் தலைப்பால் என் மேலுதட்டை அழுத்தித் துடைத்தாள். துணியில் செம்மண் நிறத்தில் பிறைபோல ஒரு கறை. அம்மா அதைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வேர்வையில அழிஞ்சுபோயிருக்கும்னா. இந்த ஊர் வெயில்ல நெத்தில எது நிக்கறது?"

அப்பா மறுபடியும் செய்தித்தாளை விரித்தார். அம்மாவையும் சேர்த்து ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை நான்கு மணிக்கு அத்தை குடையை எடுத்தபோது, அம்மா பூஜை அலமாரியிலிருந்து காலண்டர் தாளில் மடித்த சின்னப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள்.

"அக்கா, இதை மறந்துட்டேளே."

கோவிலில் கொடுப்பதற்கு ஏதோ தருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று அப்பா வங்கியிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். ஐந்து நாற்பதுக்கு அத்தை வாசலில் செருப்பைக் கழற்றினாள். அவள் நெற்றியில் விபூதி பட்டையாக இருந்தது.