நதீராவின் குரலுக்கு ஒரு காற்றாடி

அஸர் தொழப் புறப்படுமுன் முற்றத்துப் பீப்பாவை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுத்தான் ஸைனுலாப்தீன் வேலிக் கடப்பைத் தாண்டுவார். தார்ப் பீப்பாவை நெடுக்காகப் பிளந்து, நட்டு நிறுத்திய இரும்புக் குழாயில் இரண்டு பாதியையும் எதிரும் புதிருமாகப் பூட்டிய காற்றாடி அது. தள்ளினால் நாலு சுற்று ஓடும். பிறகு தன்பாட்டில் நின்றுகொள்ளும். "மாடெண்டாலும் ஒருக்காச் சொன்னாக் கேக்கும்" என்று ஏசிவிட்டுப் போவார்.

ஆள் சாய்ந்தமருதில் சைக்கிள் திருத்துகிறவர். பிள்ளையில்லை. மனைவி நதீரா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. கலியாணம் முடித்த ஆண் தன் உடுப்புப் பெட்டியோடு அங்கே வந்து சேருகிறவன். எனவே இன்றைக்கும் அது ஊரார் வாயில் 'நதீராட வீடு'தான். நதீரா இல்லாத அந்த வீட்டில் ஒரு கோப்பை, ஒரு பாய், கதைக்க ஆளில்லாத ஒரு மனிதர். பாவம், மீன்காரரை மறித்து வைத்து அரைமணி நேரம் கதைப்பார். மீன் மட்டும் வாங்கமாட்டார்.

நதீராவுக்கு எழுத வராது. கசெட்டில் கதைத்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவாள். கேட்பதற்கு ஒரு கசெட் ரேடியோவும் அனுப்பியிருந்தாள். வீடிருந்த ஒழுங்கைக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. ஒரே கசெட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிற இவருக்கு டோர்ச் பற்றரி மூன்று நாளும் தாங்காது. அதுவும் கடையில் எப்போதும் கிடைக்கிற சாமானில்லை. பற்றரி இறங்க இறங்க அவள் குரல் தடித்து இழுபடும். கடைசியாக வந்த கசெட்டை அந்த இழுவையில்தான் கேட்டிருந்தார். பாதிச் சொல் விளங்கவில்லை. அவள் விம்முகிறாள் என்பது மட்டும் விளங்கியது. எப்போது வருவேன் என்று சொல்லி அழுகிறாளோ, வர விடுகிறார்களில்லை என்று அழுகிறாளோ, யாருக்குத் தெரியும்?

"பஸாருக்குக் கொண்டுபோய்க் கரண்டில போட்டுக் கேளுங்களன், மச்சான்" என்றார் அடுத்த வளவில் இருக்கும் மீராமுகைதீன், நதீராவின் தம்பி.

"பொஞ்சாதி அழுறத பஸாருக்குக் கேக்கப் போடுறதா? நல்ல கதை கதைக்கிறாய்."

ஆகவே வீட்டிலேயே கரண்ட் எடுக்க இந்தக் காற்றாடி. மற்ற இடங்களில் கண்டது போல விசிறி இறக்கை வைத்தாலென்ன என்று கேட்டவர்களுக்கும் பதில் வைத்திருந்தார். "அது காத்துக்கு முகம் திருப்பிக்கிட்டே இரிக்கோணும். பகலைக்குக் கச்சான் காத்து மேற்கால வரும், பின்னேரம் கடல் காத்து கிழக்கால வரும். இது எங்கால அடிச்சாலும் வாங்கும்."

வாங்கியது, ஆனால் சுற்றவில்லை. முதலில் இரண்டு பாதியின் ஓரங்களும் நடுக் குழாயோடு முட்டி நின்றன. அவற்றை அரைச் சாண் அளவுக்கு ஒன்றுக்குள் ஒன்று புகவிட்டு இடையில் வழி வைத்தார். ஒரு பாதி பிடித்த காற்று அதனூடாக வழிந்து மற்றப் பாதியின் குழிவையும் தள்ளியது. காற்று விளிம்பால் நழுவாமல் மேலும் கீழும் தகரத் தட்டு அடித்தார். மூன்று பாதி வைத்துப் பார்த்தார். தானே கிளம்பியது, வேகமோ செத்துப்போனது. கழற்றி எறிந்தார். வேலிக்கு மேலே உயர்த்தினார். கடைசியில் இன்னொரு பீப்பாவைப் பிளந்து, மேல்மாடி போலக் குறுக்கே ஏற்றினார். கீழ்ச்சோடி காற்றுப் பிடியாமல் நிற்கும்போது மேற்சோடி பிடித்துக்கொண்டது. அன்றைக்குத் தள்ளாமலே கிளம்பிற்று. அடியில் பூட்டிய சைக்கிள் சில்லு உரசி டைனமோ ஓட, பழைய மோட்டார் சைக்கிளின் மூன்று அறைப் பற்றரி இரண்டு நாளில் ஏறிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடித்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு கசெட்டைப் போட்டார்.

நதீரா கண்ணாடி போலத் தெளிவாகக் கதைத்தாள். "மச்சான், இஞ்ச எனக்கொரு குறையுமில்ல. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வெச்சிட்டன். நீங்க ஒண்டும் யோசிக்காதீங்க." நடுவில் அந்த வீட்டுப் பிள்ளைகள் கூப்பிட, அறபியில் ஏதோ சொல்லிக் கலகலவென்று சிரித்தாள். இழுபட்டபோது விம்மலாகக் கேட்டது இந்தச் சிரிப்புத்தான். அவளுக்கு அங்கே நல்லாயிருக்கிறது என்று சந்தோசப்படத்தான் வேண்டும். ஸைனுலாப்தீனால் முடியவில்லை. தன்னை நினைத்து அழுகிற ஒரு சீவன் இருந்தது, அதுவும் இல்லையென்றாகிவிட்டது.

"எப்படி மச்சான், குரல் சரியா?" வேலிக்கு அப்பாலிருந்து மீராமுகைதீன் கேட்டார்.

"ஓம். நல்லா இரிக்கி."

கசெட்டை முதலுக்குத் திருப்பிச் சுற்றினார். பற்றரியின் மூன்றாவது அறையில் கடித்துக்கொண்டிருந்த ரேடியோ வயரைக் கழற்றி, ஓர் அறை குறைத்து இரண்டாவதில் மாட்டினார். கரண்ட் குறைந்து கசெட் இழுத்து இழுத்து ஓட, நதீரா மெதுவாக அழத் தொடங்கினாள்.