அவர் வானில் இருந்த நேரம்

ஹைதராபாத்திலிருந்து சென்னைக்கு வான்வழியே ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பயணச்சீட்டில் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் என்று போட்டிருந்தது. என் தங்கையின் கணவர் தம் கைப்பேசியை அணைத்து வைக்கும் நேரம் அது ஒன்றுதான். மற்ற வேளைகளில் அரை மணிக்கொரு முறை வீடியோவில் அழைப்பார். அவள் எந்த அறையில் நிற்கிறாள் என்று காட்ட வேண்டும். காட்டத் தாமதித்த ஒரு நாளின் தழும்பு, இஸ்திரிப்பெட்டியின் நுனி வடிவத்தில், அவள் இடது காதுக்குக் கீழே இருந்தது.

அந்த எண்பத்தைந்து நிமிடத்துக்குள் அவளையும் ஆறு வயது மகளையும் அவர்கள் வீடிருந்த பேகம்பேட்டிலிருந்து அதே நகரின் சைனிக்புரிக்கு, என் வீட்டுக்கு, அழைத்துவந்துவிடலாம் என்று கணக்கிட்டேன். கீழ்த்தளத்தில் அவருடைய தம்பி வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அலுவலகக் கூட்டத்தில் பேசும் குரல் கேட்டபின் கிளம்புவதென்று முடிவு செய்திருந்தோம். அதற்கே ஒரு மணி நேரம் கழிந்தது.

பயணச்சீட்டை நம்பியது என் பிழை. ஓடுபாதையில் ஊர்வதும் காத்திருப்பதும் அந்த நேரத்தில் அடங்கும் என்பதை நான் எண்ணவில்லை. விமானம் இருபது நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டது. நாங்கள் மாடிப்படியில் இருந்தபோது அவள் கைப்பேசி ஒலித்தது.

“எடுக்காதே.”

“எடுக்கலேன்னா கீழ ஃபோன் போகும்க்கா.”

போயிற்று. கீழ்க்கதவு திறந்தது.

“என்ன அண்ணி, பெட்டியெல்லாம் தூக்கிட்டு? டூரா?” சிரித்துக்கொண்டே அவள் பின்னலைக் கையில் சுற்றி இழுத்தான். நெற்றி கைப்பிடிச் சுவரில் மோதியது. “எங்க அண்ணன் ஊர்ல இல்லேன்னா கேக்க ஆளில்லேன்னு நெனப்பா?” மறுபடியும் மோதவைத்தான். “சாச்சா, நக்கோ! நக்கோ!” என்று, வேண்டாமென்று சித்தப்பாவைக் கெஞ்சி, அவன் காலைக் கட்டிக்கொண்ட குழந்தையை உதைத்துத் தள்ளினான்.

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் இலக்கியம் கற்பித்தவள் நான். வகுப்பில் குரல் உயர்த்தியதில்லை. அவன் மணிக்கட்டைக் கடித்தேன். தோல் கிழிந்து வாயில் இரத்தம் ஊறிய பின்னும் விடவில்லை. அவனுடைய மறுகையின் முழங்கை என் மூக்கில் இறங்கியது. அப்போதும் விடவில்லை. பின்னல்தான் முதலில் விடுபட்டது.

ஆட்டோவில் அவள் நெற்றியை என் புடவைத் தலைப்பால் அழுத்திப் பிடித்திருந்தேன். சிறுவயதில் அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது தொட்டுப் பார்த்த அதே நெற்றி. ஓட்டுநரிடம் சைனிக்புரி என்றேன்.

“வேணாம்க்கா. அடுத்த ஃபிளைட்டுல வந்து உன் வாசல்ல நிப்பாரு. ஸ்டேஷனுக்கு விடச் சொல்லு.”

இதற்கு முன் இருமுறை, குளியலறையில் வழுக்கி விழுந்ததாக மருத்துவர்களிடம் சொன்னவள் அவள். காவல் நிலையத்தில் பெண் காவலர், விழுந்துவிட்டீர்களா என்று தெலுங்கில் கேட்டார். இல்லை என்றாள். திருமணமான இரண்டாம் மாதத்திலிருந்து தொடங்கி, நிறுத்தாமல் சொன்னாள். காவலர் இன்னொரு தாள் எடுத்தார். குழந்தை கேட்க வேண்டாமென்று நான் அவளை வெளியே அழைத்துப்போக எழுந்தேன். அவள் தன் தாயின் நாற்காலியை விட்டு அசையவில்லை.