படம் மாறக் காத்திருந்தவர்கள்

காலை ஆறரை மணிக்குத் திருவனந்தபுரத்தில் இறங்கினேன். பெட்டியில் வீட்டாருக்குச் சேலை, சென்ட் என்று எதுவும் இல்லை. சண்டை போட வருகிறவள் எதற்குச் சாமான் சுமக்க வேண்டும்?

மஸ்கட்டில் நான் நர்ஸ். வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் அறைக்காரிகள் எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் கூடுவோம். இணைய வரைபடத்தில் அவரவர் வீட்டுக் கூரையைத் தேடிப் பார்ப்போம். ஆகாயத்திலிருந்து எடுத்த படம்தானே, ஆள் முகம் தெரியாது. ஆனால் யார் வீட்டுக் கூரை மாறியது, எந்தத் தென்னை போனது என்பதெல்லாம் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்ப் படம் புதிதாக மாறியிருந்தது. கருங்கல் ஊருக்கு மேற்கே, இரண்டு மேடுகளுக்கு நடுவில் நீளமாகக் கிடக்கும் வயல்வெளியை நாங்கள் ஏலா என்போம். அதில் முக்கால்வாசி செம்மண்ணாகியிருந்தது. நடுவில் ஓடிய ஓடையின் மேலும் மண்தான்.

ஏலாவின் தாழ்ந்த கோடியில் மிச்சமிருந்த பச்சை என் வயல். அப்பா எனக்கு எழுதித் தந்தது. தங்கமணி என்பவள் அதைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து நெல் போடுகிறாள். ஓடை இல்லையென்றால் அவளுக்குத் தண்ணீர் இல்லை. மேலே உள்ளது என் தம்பி ஜஸ்டினுக்கும் பங்காளிகளுக்கும். அவனிடம் போனில் கேட்டேன்.

"அது பழைய படம் அக்கா. அத நம்பாத" என்றான்.

நேற்றுவரை பச்சையாக இருந்த படம் இன்று சிவப்பாகியிருக்கிறது, அதைப் பழைய படம் என்கிறான். நாட்டைவிட்டுப் போனவளுக்குக் கண்ணும் போய்விட்டது என்று நினைப்பு. அவனிடம் சொல்லாமலே டிக்கெட் எடுத்தேன்.

தம்பானூர் பஸ் நிலையத்திலிருந்து களியக்காவிளைக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அங்கே பஸ் மாறினேன். வழியெல்லாம் டிப்பர் லாரிகள், ஒன்று விடாமல் மண்ணும் கல்லும். குழித்துறைப் பாலத்தைக் கடக்கும்போது எட்டிப் பார்த்தேன். எங்கள் பக்கத்துத் தாமிரபரணியில் தண்ணீர் கலங்கிப் பெருகிப் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு தண்ணீர் போகிற ஊரில் ஒருத்தியின் வயல் காய்கிறது.

ஒன்பது மணிக்கு மார்த்தாண்டத்தில் கருங்கல் பஸ். டிக்கெட் எட்டு ரூபாய். எதிர்வரிசையில் இருந்தவர் என் பெட்டியில் ஒட்டியிருந்த விமானச் சீட்டைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்.

"கல்ஃபா அக்கா? வீடு வைக்க எடம் வல்லதும் பாக்குதியளா?"

நிலத் தரகர். போனை நீட்டினார். அதில் இருந்தது எங்கள் ஏலா.

"இது வயலாச்சே" என்றேன்.

"வயலா இருந்து. மொதல்ல வாழக்கன்னு வச்சு, பொறவு மண்ணடிச்சாச்சு. இப்பம் புதுப் படமும் வந்துட்டு. இனி ஆரு வந்து வயலுன்னு சொன்னாலும் இதக் காட்டினாப் போரும். ஆகாசத்துலேருந்து எடுத்தது பொய் சொல்லுமா? படம் மாறட்டும்னுதான் இவ்வளவு நாளும் வெல சொல்லாம இருந்தோம்."

"கடைசியில பச்சையா இருக்கே?"

"அது மஸ்கட்டுல ஒரு நர்சுக்க வயலு. தண்ணி இல்லாம ரெண்டு பூ போனா அவளே நெகத்தச் சொல்லுவா."

பூ என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு போகம். நெகத்துவது என்றால் மண் போட்டு மேடாக்குவது. திருட்டைக் காட்டிக்கொடுத்த படம் என்று நான் நம்பி வந்தது, இவர்கள் காத்திருந்து வாங்கிய சாட்சி.

"அந்த நர்சு நான்தான்" என்றேன்.

அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

கருங்கல்லிலிருந்து ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். வீட்டுக்குப் போகாமல் நேரே வயலுக்குப் போனேன். தங்கமணி கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து நாற்றங்காலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மாசியில் அறுக்கிற போகமான கும்பப்பூ நடவுக்கான நாற்று.

"ஞாறு மூத்துட்டு வருகு அக்கா. இந்த வாரம் நட்டா நெல்லு. இல்லெங்கி மாட்டுக்குத்தான்" என்றாள்.

அதற்குள் யாரோ சொல்லி ஜஸ்டின் ஓடிவந்தான்.

"வாறேன்னு ஒரு வாக்கு சொல்லப்பிடாதா அக்கா? வீட்டு நடைக்குக் காரு வரணும்னா ரோடு வேணும். ஒனக்கும் சேத்துதான் செய்யுகேன். ஒனக்க வயலையும் நெகத்த ஒரு ஒப்பு போட்டுத் தா."

"ஓடை ஒனக்க சொத்தாலே? அது புறம்போக்கு. அத மூடச் சொன்னது ஆரு?"

"எல்லாரும் சேந்துதான்."

"தங்கமணியுமா?"

அவன் திரும்பி மண்மேட்டுக்கு நடந்தான்.

நிற்கச் சொல்லியிருந்த அதே ஆட்டோவில் கருங்கல் சந்திப்புக்குத் திரும்பி, அங்கே நின்ற ஜேசிபியை வாடகைக்குப் பேசினேன். இடத்தைச் சொன்னதும் டிரைவர் சிரித்தான்.

"அத நெகத்தினதே நான்தான் அக்கா."

"அப்ப ஓடை கெடக்குற எடம் ஒனக்குத்தான் நல்லாத் தெரியும். வா."

"தம்பி ஏசுவாரே."

"ஏசட்டும். ஆகாசத்துலேருந்து பாத்தாலும் தெரியணும், அப்படித் தோண்டு."

மண்மேட்டில் நின்று ஜஸ்டின் கத்தினான். பங்காளிகள் கூடினார்கள். புறம்போக்கு ஓடையை மூட அனுமதி வாங்கிய தாளைக் காட்டுங்கள், மெஷினை நிறுத்துகிறேன் என்றேன். ஒருவரும் காட்டவில்லை. சாயங்காலம் நாலு மணி வாக்கில் தண்ணீர் செம்மண் குழம்பாக வந்து வயலில் ஏறியது. தங்கமணி என்னிடம் நன்றி சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. நடவுக்கு ஆள் சொல்லப் போய்விட்டாள்.

லீவு முடிந்து கிளம்பும்போது ஜஸ்டின் விமான நிலையத்துக்கு வரவில்லை. எப்போதும் அவன்தான் பெட்டி தூக்குவான். அது வலித்தது. ஆனாலும் கோபம் குறையவில்லை.

மஸ்கட்டில் தண்ணீர் குழாயைத் திறந்தால் வரும். கடல்நீரைக் காய்ச்சிக் குடிக்கிற ஊர். மழை பெய்கிற ஊரில்தான் ஓடைக்குச் சண்டை போட வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை அறைக்காரிகள் வரைபடத்தைத் திறந்தார்கள். அதே செம்மண். "உன் வயலுக்குத் தண்ணி போற வழியே இல்லையே" என்றாள் ஒருத்தி.

"அது பழைய படம்" என்றேன்.

நெல் கதிர் வாங்கிவிட்டது என்று தங்கமணி போனில் சொன்னாள். தரகர் இன்னும் அந்தச் சிவப்பைத்தான் பஸ்ஸில் காட்டிக்கொண்டிருப்பார். காட்டட்டும். அவர்களுக்குக் காத்திருக்கத் தெரிந்தது, எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் திறந்து பார்க்கிறேன், செம்மண்ணுக்கு நடுவே நான் வெட்டிய கோடு விழுந்துவிட்டதா என்று.