கத்திரிப்பூ நிற நாடா

மனைவி தொமோயே இறந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அன்றைக்கும் கடோவாகி இரண்டு இருக்கைகளுக்குத்தான் சீட்டு எடுத்திருந்தார். இரண்டாவது வரிசையில் ஏழும் எட்டும். எட்டு தொமோயேயின் இடம். அதன்மேல் தன் மேல்கோட்டை மடித்து வைத்துவிட்டு, பையைத் திறந்து பார்த்தார். சோற்று உருண்டைகள் இரண்டு, பார்லி டீ குடுவை, கைக்குட்டையில் சுற்றிய காகித நாடாச் சுருள் ஒன்று. சுருள் பத்திரமாக இருந்தது.

கவாகுச்சியில், முன்பு இரும்பு வார்ப்புப் பட்டறையாக இருந்த அந்தக் கொட்டகையில் மாதம் இரண்டு ஞாயிறு பெண்கள் மல்யுத்தம் நடக்கும். மடக்கு நாற்காலிகள் இருநூறு, நடுவே கயிறு கட்டிய மேடை. கடோவாகி பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவிச் சரிபார்க்கிறவர். வயது அறுபத்தொன்று. அதிகம் பேசமாட்டார். பதின்மூன்று வருஷமாக மனைவியோடு அங்கே வந்துகொண்டிருந்தவர், இந்த எட்டு மாதமாக வரவில்லை. இன்று வராமல் இருக்க முடியாது. இன்று மினேகிஷி சயோவின் கடைசிப் போட்டி.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்பு, கடைத்தெருவின் இலையுதிர்காலத் திருவிழாவில் மீன்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே மேடை போட்டு இதே மல்யுத்தக் குழு இலவசமாகப் போட்டி நடத்தியது. இருவரும் டோஃபு வாங்கிக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். மேடையில் எதிராளியின் தோள் உயரம்கூடத் தேறாத ஒரு பெண்ணை, அவளைப் போல ஒன்றரை மடங்கு இருந்தவள் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் மேலே விழுந்து அமுக்கினாள். நடுவர் குனிந்து தரையில் அறைந்து எண்ணினார்; மூன்றுக்குள் தோள் எழாவிட்டால் தோல்வி. ஒன்று. இரண்டு.

"எந்திரி."

கடோவாகி திரும்பிப் பார்த்தார். கத்தியது தொமோயே. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் இருபது வருஷமாகப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். தொலைபேசியில் பேசினால்கூட வாயைக் கையால் மறைத்துக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் குரலை உயர்த்தி அவர் கேட்டதில்லை. பிள்ளை தங்காமல் போன அந்த வருஷத்தில்கூட இல்லை. அந்தக் குரல் அவளுக்குள் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. மேடையில் அந்தச் சின்னப் பெண் மூன்று எண்ணுவதற்குள் ஒரு தோளை மட்டும் உயர்த்திவிட்டாள். டோஃபு கீழே விழுந்து உடைந்து கிடந்தது. தொமோயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"முடிவு என்னன்னு முன்னாடியே பேசி வச்சிருப்பாங்க" என்றார் கடோவாகி, வீட்டுக்குப் போகிற வழியில்.

"நம்ம கல்யாணங்கூடத்தான் பெரியவங்க பேசி வச்சது. அதுக்காக?"

அடுத்த ஞாயிறு கொட்டகைக்குப் போனார்கள். பிறகு போட்டி நடந்த எல்லா ஞாயிறும்.

அந்தச் சின்னப் பெண்தான் சயோ. ஒருமுறைகூடப் பட்டம் வென்றதில்லை. ஏன் இவள்தான் வேண்டும் என்று அவர் ஒரு நாள் கேட்டார். "மத்தவங்க அடி வாங்கினா வலிக்காத மாதிரி முறைச்சுட்டு நிப்பாங்க" என்றாள் தொமோயே. "இவ வலிக்குதுன்னு காட்டுறா. காட்டிட்டு எந்திரிக்கிறா. எனக்கு அத ரெண்டு மணி நேரம் பாக்கணும் போல இருக்கு. மத்த நாளெல்லாம் நான் விரிப்பத்தானே பாக்குறேன்." அவருக்கோ மேடையைப் பார்ப்பதைவிட, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எட்டாவது நாற்காலியிலிருந்து எழும் அந்தக் குரலைக் கேட்கத்தான் பிடித்திருந்தது. அதை அவர் அவளிடம் சொன்னதில்லை.

அறிவிப்பாளர் ஒருத்தியின் பெயரைக் கூவும்போது, அவளுடைய ரசிகர்கள் அவளுக்கென்று உள்ள நிறத்தில் காகித நாடாக்களை மேடைக்கு எறிவார்கள். சயோவின் நிறம் கத்திரிப்பூ நிறம். கடையில் வாங்கும் சுருளை அப்படியே எறியக் கூடாது. உள்ளே கெட்டியான அட்டைக் குழல் இருக்கும். கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதனால் நாடா முழுவதையும் அவிழ்த்து, குழலை எடுத்துப் போட்டுவிட்டு, இரண்டு விரல்களைச் சுற்றித் தளர்வாக மறுபடி சுற்ற வேண்டும். நுனியை இடது கையில் பிடித்துக்கொண்டு சுருளை மேல்நோக்கி எறிந்து, விரிந்ததும் நுனியை விட்டுவிட வேண்டும். சனிக்கிழமை மாலைகளில் தொமோயே சுற்றுவாள், கடோவாகி பையில் அடுக்குவார். எறிவதெல்லாம் அவள்தான். அவர் ஒரே ஒருமுறை எறிந்தபோது நுனியைப் பிடிக்க மறந்ததால், சுருள் முன்வரிசைக்காரர் வழுக்கைத் தலையில் போய் உட்கார்ந்தது. "நீங்க பஸ்ஸையே கழுவுங்க" என்று அவள் வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தாள்.

கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டதால் நவம்பரோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சயோ பிப்ரவரியில் அறிவித்தபோது தொமோயே ஆஸ்பத்திரியில் இருந்தாள். தான் முப்பது வருஷத்துக்கு மேல் இஸ்திரி போட்ட அதே மாதிரி விரிப்பின்மேல் படுத்திருந்தாள். நாடா ஒன்று வாங்கி வரச் சொன்னாள். ஒரு சுருளைச் சுற்ற அவளுக்கு மூன்று நாள் பிடித்தது.

"ஏங்க, இது என் பங்கு. நீங்க எறியணும்."

"நீயே வந்து எறி."

"வந்தா நான் எறியறேன். வரலைன்னா நீங்க. எனக்குப் பதிலாக் கத்தவெல்லாம் வேண்டாம், உங்களுக்கு வராது. எறிஞ்சாப் போதும். நுனியப் புடிச்சுக்கிட்டு."

மார்ச்சில், பிளம் பூக்கள் உதிர்ந்த வாரத்தில் அவள் போய்விட்டாள். கைக்குட்டையில் சுற்றிய சுருளை அவர் அவளுடைய படத்துக்கு முன்னால், சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஒரு தடவைகூடப் பிரிக்கவில்லை.

கடைசிப் போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒகுமுரா வந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவள். சயோவின் ரசிகர்களுக்குத் தலைவி மாதிரி. எறியப்போகும் ஒவ்வொரு சுருளையும் வாங்கிக் கட்டைவிரலால் நடுவே அமுக்கிப் பார்ப்பாள்.

"கடோவாகி-சான், உயிரோட இருக்கீங்களா? எட்டு மாசமா ஆளையே காணோம். சாவுக்கு வந்த எங்ககிட்டயே தலைய மட்டும் ஆட்டிட்டு அனுப்பிட்டீங்க."

"வேலை."

"பொய் சொல்றப்ப மூக்க சொறியாதீங்க. சயோகிட்ட சொல்லலையே?"

"சொல்ல வேண்டாம்னு அவ சொன்னா. கடைசி வருஷம் அந்தப் பொண்ணு சந்தோஷமா இருக்கட்டும்னா."

"நானும் அவகிட்ட சளி, காய்ச்சல்னே சொல்லிட்டு இருக்கேன். எட்டு மாசக் காய்ச்சல். சரி, சுருளக் குடுங்க."

அவர் கைக்குட்டையைப் பிரித்துக் கொடுத்தார். ஒகுமுரா அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். அவளுடைய முகம் மாறியது.

"உள்ள குழல் இருக்கு."

"இருக்காது. அவ சுத்தினது."

"நீங்களே பாருங்க."

அவர் அமுக்கிப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. பதின்மூன்று வருஷத்தில் தொமோயே ஒரு சுருளில்கூடக் குழலை விட்டதில்லை. வீங்கிய விரல்களை மடக்க முடியாமல், குழலின் மேலேயே சுற்றியிருக்க வேண்டும். பிறகு எடுக்கலாம் என்று நினைத்திருப்பாள். மூன்று நாளில் மறந்திருப்பாள். குழலைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். இறுக்கிச் சுற்றியிருந்ததால் நடுப்பகுதி கூம்பாகப் பிதுங்கி ஓரம் கிழியப் பார்த்தது. உடனே நிறுத்தினார்.

"குழலோட எறிய விடமாட்டேன்" என்றாள் ஒகுமுரா. "உங்களுக்காகக்கூட முடியாது. தொமோயே-சானே இருந்தாலும் விடமாட்டாங்க." குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இத வீட்டுக்குக் கொண்டு போய் வச்சுக்கங்க. நான் வேற ஒண்ணு தர்றேன். அதே நிறம்தான். யார் கேக்கப் போறாங்க?"

"எறியச் சொன்னா."

"அவிழ்க்கணுமே. அவங்க சுத்தினது போயிடுமே."

கடோவாகி சுருளை வாங்கிக்கொண்டு கொட்டகையின் பக்கவாட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். உள்ளே மேடையின் பலகைகளைச் சோதிக்கும் சத்தம் கேட்டது. வீட்டில் அவளுடைய துணிகளை அவளுடைய தங்கை எடுத்துப் போய்விட்டாள். செருப்பு, கண்ணாடி, எல்லாம் கடையில் செய்தவை. அவளுடைய கை செய்து அப்படியே வைத்த பொருள் என்று இது ஒன்றுதான் மிச்சம்.

நுனியைப் பிடித்து அவிழ்க்கத் தொடங்கினார்.

வெளிப்புறச் சுற்றுகள் கோணல்மாணலாக இருந்தன. அது மூன்றாம் நாளாக இருக்க வேண்டும், கையில் ஊசி ஏற்றியிருந்த நாள். உள்ளே போகப் போகச் சுற்று நேரானது. ஓரிடத்தில் காகிதம் நனைந்து காய்ந்து சுருங்கியிருந்தது. தேநீரா என்று முகர்ந்து பார்த்தார், வாசனை எதுவும் இல்லை. அதற்கப்புறம் வந்தது அவளுடைய பழைய சுற்று, விளிம்போடு விளிம்பு பொருந்தி, இஸ்திரி போட்ட மடிப்பு மாதிரி. அவிழ்ந்த நாடா மடியில் நிறைந்து படியில் வழிந்தது. ஏதாவது எழுதியிருப்பாள் என்று அவர் தேடிக்கொண்டே வந்தார். ஒரு சொல், தேதி, எதுவானாலும். கடைசிச் சுற்று கழன்று குழல் கையில் வந்தது. அதன் உள்ளேயும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வெறும் அட்டை.

பிறகு தன்னுடைய இரண்டு விரல்களில் சுற்றினார். சொரசொரப்பான விரல்களில் காகிதம் சிக்கிச் சிக்கி நின்றது. சுற்றி முடித்தபோது அது யாருடைய சுருளாகவும் இருந்திருக்கலாம்.

கடைசிப் போட்டிக்கு விளக்குகள் மேடையில் குவிந்தன. சயோ எதிராளிக்கு முன்னால் நின்றாள். கழுத்தில் வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்தது. அறிவிப்பாளர் அவளுடைய பெயரை நீட்டிக் கூவினார். இருநூறு பேரிடமிருந்தும் கத்திரிப்பூ நிறம் எழுந்து மேடைமேல் கொட்டியது. கடோவாகி நுனியை இறுகப் பிடித்துக்கொண்டு எறிந்தார். சுருள் கயிறுகளைத் தாண்டிப் போய் விரிந்து, சயோவின் தோளில் விழுந்தது.

எல்லோரும் நுனிகளை விட்டுவிட்டார்கள். உதவியாளர்கள் நாடாக்களை அள்ளிக் கயிற்றுக்கு வெளியே தள்ளினார்கள். ஒரு நாடா மட்டும் சயோவின் தோளிலிருந்து இரண்டாம் வரிசை வரை நீண்டு நின்றது. யாரோ சிரித்தார்கள். சயோவும் சிரித்துக்கொண்டே அதைப் பிடித்து விளையாட்டாக ஒரு இழு இழுத்தாள். பிறகு நாடாவின் வழியே கண்ணை ஓட்டி அவரைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் மடித்து வைத்திருந்த கோட்டைப் பார்த்தாள். அவளுடைய சிரிப்பு நின்றது. இழுப்பதை நிறுத்தி, சும்மா பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விட்டுடுங்க, கடோவாகி-சான்" என்றாள் ஒகுமுரா, பின்வரிசையிலிருந்து, தணிந்த குரலில். "மணி அடிக்கணும்."

அவர் விட்டார். நாடா முன்வரிசைத் தலைகளுக்கு மேலே நழுவிப் போய் மற்ற நாடாக்களோடு சேர்ந்தது. உதவியாளர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக அள்ளிப் பையில் திணித்தார். எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மணி அடித்தது. சயோ பதினெட்டு நிமிஷம் போராடினாள். ஐந்து முறை விழுந்து, ஐந்து முறை தோளை உயர்த்தினாள். ஆறாவது முறை எதிராளி அமுக்கியபோது சயோவின் முகம் கடோவாகியின் பக்கமாகத் திரும்பி இருந்தது. கண்கள் எட்டாவது நாற்காலியில் நிலைத்திருந்தன. நடுவர் அறைந்தார். ஒன்று. கொட்டகை முழுக்க அவளுடைய பெயரைக் கத்தியது. இரண்டு.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவேயான அந்த இடைவெளிதான் தொமோயே கத்தும் இடம். அத்தனை கூச்சலுக்கு நடுவே கடோவாகிக்கு எட்டாவது நாற்காலியிலிருந்து மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வாயைத் திறந்தார். வெறும் காற்று வந்தது. மறுபடி முயன்றார்.

"எந்திரி."

கிழிந்த, பழக்கமில்லாத குரல். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் நடுவர் மூன்று எண்ணி முடித்திருந்தார்.