அக்காவின் தனிப்படம்

என் போனில் பதினோராயிரத்துச் சொச்சம் படங்கள் இருந்தன. மகன் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர் கொடுத்த பென் டிரைவில் இன்னொரு நாலாயிரம். உறவுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்த மங்கலான படங்களுக்குக் கணக்கே கிடையாது. இத்தனையையும் சலித்து, குடும்பத்துக்கென்று ஒரு படப் புத்தகம் அச்சடிக்கப்போகிறேன் என்று சொன்னபோது என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஆரம்பி, ஆரம்பி. நம்ம அறுவதாங் கண்ணாலத்துக்குள்ள முடிச்சுப்போடலாம்" என்றார்.

பெங்களூரில் இருக்கும் மகள் கேட்டாள், அவளுக்காகத்தான் செய்கிறேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். மகள் கேட்டது உண்மைதான். கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அசையாதவள் திடீரென்று ஏன் எழுந்தேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அக்காவின் மார்பில் இருந்தது கெட்ட கட்டிதான் என்று ரிப்போர்ட் வந்த வாரம் அது.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கருமத்தம்பட்டியில், நாலு பக்கமும் தறி ஓடும் தெருவில் வீடு. தினமும் காலை பதினொரு மணிக்குத் துடியலூரில் என் போன் அடித்தால் அது அக்காதான். பின்னால் தறிச் சத்தம் கேட்கும். "ஏனம்மணி, இன்னிக்கு என்ன குழம்பு?" என்று ஆரம்பித்து ஊர்ச் சேதி முழுக்கச் சொல்லி முடிப்பாள். சிகிச்சை ஆரம்பித்த பிறகும் பதினொரு மணி தப்பவில்லை. குழம்பைத்தான் கேட்பாள், தன் உடம்பைப் பற்றிப் பேச மாட்டாள். நானும் கேட்க மாட்டேன். பேசாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தோம் போலிருக்கிறது.

படம் சலிக்கும் வேலை, கல்லும் உமியும் கலந்த ரேஷன் அரிசியைப் புடைப்பது மாதிரிதான். ஒரே இட்லித் தட்டை ஒன்பது கோணத்தில் எடுத்துவைத்திருக்கிறேன். கரண்ட் மீட்டர் படம், காஸ் புத்தகப் படம், யாரோ அனுப்பிய ரோஜாப்பூ காலை வணக்கங்கள், கை தவறி எடுத்த என் கால் கட்டைவிரல். இவற்றுக்கு நடுவே, கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போன படம் ஒன்று எட்டிப் பார்க்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கணினி முன்னால் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

பத்து நாளில் ஒன்று தெரிந்தது. அக்கா இல்லாத விசேஷம் இல்லை, ஆனால் அக்கா ஒழுங்காக விழுந்த படமும் இல்லை. முப்பது பேர் நிற்கும் படத்தில் அவள் ஓரத்தில் நிற்பாள், வகுப்பு போட்டோவில் டீச்சர் நிற்கிற இடத்தில். உயரப்படி எல்லாரையும் நிறுத்தியதும் அவளாகத்தான் இருக்கும். மற்ற படங்களில் வாயைத் திறந்து யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருப்பாள், இல்லையென்றால் கரண்டியோடு பாதி முகம் திரும்பியிருப்பாள். தனியாக, நேராகப் பார்த்து, கண்ணைத் திறந்து, வாயை மூடி ஒரு படம்கூடக் கிடையாது. மற்றவர்கள் படமெல்லாம் கிடைத்தவரை போதும் என்று விட்டவள், இந்த ஒரு படத்தை மட்டும் விடாமல் தேடினேன்.

கடைசியில் கல்யாண பென் டிரைவில் அகப்பட்டது. என் மகன் கல்யாணத்தில் இணைச்சீர் முடிந்த கையோடு எடுத்தது. மாப்பிள்ளைக்குச் சகோதரி செய்யும் அந்தச் சீரை என் மகள் செய்தாள், அவளுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தது அக்கா. முடிந்ததும் ஓரமாக வந்து நின்று மூச்சு விட்டாள். நான் போய் அவள் தோளில் கை போட்டேன். அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்தவர் கூப்பிட, இரண்டு பேரும் திரும்பினோம். அக்காவின் முகத்தில் களைப்பும் இருந்தது, பெருமையும் இருந்தது. அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததில்லை.

காந்திபுரத்தில் ஆல்பம் போடும் கடை ஒன்றில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு வேலை பார்க்கும் ஒரு பெண்மணி இருந்தார். என் வயது இருக்கும். பக்கம் பக்கமாகச் சேர்ந்து உட்கார்ந்து அடுக்கினோம். இந்தப் படம் வந்ததும், அக்காவுக்கு மட்டும் முழுப் பக்கம் வேண்டும், என்னை வெட்டிவிடுங்கள் என்றேன்.

"ரெண்டு பேரும் சேந்தே நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்.

"இல்லீங்க, அக்கா மட்டும் போதும்."

வெட்டினார். அக்காவின் தோளில் என் நாலு விரல் மட்டும் மிச்சம் நின்றது. "இந்த வெரல என்னங்க பண்றது?"

"அழிச்சுருங்க."

அழித்தார். மண்டபத்துத் திரையும் யாரோ ஒருவர் முழங்கையும் பின்னால் தெரிந்தன. அதையும் எடுத்துவிட்டு நீல வானம் வைக்கச் சொன்னேன், லேசாக மேகம் போட்டு. சுற்றிலும் மல்லிகைச் சரம். அடியில் அக்காவின் பிறந்த தேதி. எல்லாம் நானே பார்த்துப் பார்த்துச் சொன்னதுதான். அந்த அம்மா என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, சொன்னபடி செய்தார். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

வெல்வெட் பெட்டியில் புத்தகம் வந்தது. முதலில் அக்காதான் பார்க்க வேண்டும் என்று அதைத் தூக்கிக்கொண்டு கருமத்தம்பட்டிக்குப் போனேன். நாலாவது கீமோ முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. தலையில் பருத்தித் துண்டு கட்டி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மடியில் தலையணை வைத்து, அதன்மேல் புத்தகத்தை விரித்தாள். அக்கா வீட்டு மாமா காப்பி வைக்க உள்ளே போனார்.

பக்கத்துக்குப் பக்கம் சிரித்தாள். "இதா பாரு, இவன் எப்பவும் மொளகாய முழுங்குனாப்பல நிக்கறான்" என்று என் மகனைக் கேலி செய்தாள். "உன்ற ஊட்டுக்காரரு வகுத்த எக்கிட்டு நிக்கறாரு" என்றாள். வெகு நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

அப்புறம் அந்தப் பக்கம் வந்தது.

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். விரலால் படத்தில் தன் தோளைத் தொட்டாள்.

"இங்க உன்ற கை இருந்துச்சே. எங்க கண்ணு?"

"நான் அப்படி நெனச்செல்லாம் பண்ணலீங்க்கா" என்றேன்.

"எப்படி நெனச்சு?"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாகிவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா விரலைக் கீழே இறக்கிப் பிறந்த தேதியின்மேல் வைத்தாள். பரீட்சைத் தாளில் தப்பைக் காட்டும்போது எந்தக் குரலில் பேசுவாளோ அந்தக் குரலில், கோபமே இல்லாமல் சொன்னாள்.

"ஒரு தேதிதான் போட்டிருக்குது. இன்னொன்ன அப்பறம் எழுதிக்கலாம்னு எடம் உட்டயா?"

மாமா காப்பியோடு வந்தார். அக்கா புத்தகத்தை மூடிப் பெட்டிக்குள் வைத்தாள். "காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்பு, பஸ்சுல கூட்டமாயிரும்" என்றாள். வாரேன் என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்குப் போன் அடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் அடிக்கவில்லை. மாமாவைக் கூப்பிட்டால், நன்றாக இருக்கிறாள், தூங்குகிறாள் என்பார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கண் வலிக்க உட்கார்ந்து, யாருக்கும் இல்லாத மரியாதையாக அவளுக்கு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறேன், அதற்கு இப்படி ஒரு பேச்சா என்று வீட்டில் பாத்திரங்களின்மேல் காட்டினேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கத்தக் கொஞ்சம் காட்டு" என்றார். கடையிலிருந்து அனுப்பியிருந்த நகலைப் போனில் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். கேலி செய்யாமல் அவர் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அந்த வாரம் மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். நிறுத்தத்துச் சுவரில் புதிதாக ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. யாரோ ஒரு பெரியவர். தனி முகம், நீல வானம், லேசான மேகம், ஓரத்தில் பூச்சரம், அடியில் இரண்டு தேதி. பக்கத்துக் கம்பத்தில் இன்னொன்று, அதே வானம். வருஷக்கணக்காக நான் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்திலெல்லாம் பார்த்துவந்த வானம். கடையில் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கியபோது, அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கை தானாகச் செய்துவிட்டது.

இல்லை, அதுவும் பொய்தான். ரிப்போர்ட் வந்த அன்று நான் முதலில் நினைத்தது, அக்காவுக்கு ஒரு நல்ல படம்கூட இல்லையே என்பது. எதற்கு வேண்டிய படம் என்று மனதுக்குத் தெரியும். அந்த ஒரு படத்தைத் தேடத்தான் பதினைந்தாயிரம் படத்தைப் புரட்டினேன். குடும்பப் புத்தகம் அதற்குப் போர்த்திய போர்வை. பஸ் வந்தது, ஏறாமல் நின்றேன். எதிர்ப்பக்கம் போய் காந்திபுரம் பஸ் ஏறி, அங்கிருந்து கருமத்தம்பட்டிக்குப் போனேன்.

அக்கா அதே ஜன்னல் பக்கம் இருந்தாள். செருப்பைக்கூட ஓரமாக விடாமல் போய் நின்று சொன்னேன்.

"உங்க படத்தத் தேடித்தானுங்க்கா ஆரம்பிச்சேன். பயந்துட்டேன்."

அக்கா தன் போனை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"நானுந்தான் தேடுனேன். ரிப்போர்ட்டு வந்த அன்னிக்கே. உங்க மாமாவுக்கு இதெல்லாம் தெரியாது, நாமளே ஒண்ணு எடுத்து வெச்சுப்போடலாம்னு பாத்தேன். ஒண்ணுலயாவது வாய மூடியிருக்கேனா பாரு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அவளும் அழுதாள். சிகிச்சை நடந்த ஏழெட்டு மாதத்தில் நாங்கள் சேர்ந்து அழுதது அன்றுதான்.

"நீ தேடி எடுத்த படம் நல்லாத்தான் இருக்குது" என்றாள் பிறகு, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அத உன்ற போனுலயே வெச்சுக்க. வேணுங்கறப்ப எடுத்துக்கலாம், எனக்கு ஒண்ணும் வெசனமில்ல. ஆனா புஸ்தகத்துல வேண்டாம். அன்னிக்கு நீ பக்கத்துல இருந்தே. இல்லாதவளாட்டம் என்னத்துக்கு அழிச்சே? எனக்கு அதுதான் தாங்கல."

மறுபடி காந்திபுரத்துக்குப் போனேன். கடைக்கார அம்மா பழைய படத்தை எடுத்து வைத்தார், மண்டபத்துத் திரையோடு, யாரோ ஒருவர் முழங்கையோடு, என் நாலு விரலோடு. அடியில் தேதி இல்லை. புதுப் புத்தகத்தை அக்காவிடம் கொடுத்த மறுநாள் பதினொரு மணிக்குப் போன் அடித்தது. என்ன குழம்பு என்று கேட்டாள்.

சிகிச்சை முடிந்து அக்காவின் தலையில் ஒரு விரற்கடை முடி வளர்ந்திருந்தபோது, பென்ஷன்காரர்கள் உயிரோடிருப்பதைக் காட்ட வேண்டிய மாதம் வந்தது. வருஷா வருஷம் கருவூலத்துக்கு நேரில் போய் வருவாள். இந்த முறை வரிசையில் நிற்கத் தெம்பில்லை. போனிலேயே முகத்தைக் காட்டினால் போதும் என்று என் மகள் சொல்லிக்கொடுத்திருந்தாள். அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, போனை எதிரே மேசைமேல் சாய்த்துவைத்தேன். சாய்த்துவைக்க அகப்பட்டது அந்த வெல்வெட் பெட்டிதான்.

முதல் தடவை, முகம் பொருந்தவில்லை என்றது. ஆதார் அட்டையில் அக்காவுக்கு நீளப் பின்னலும் உப்பிய கன்னமும் இருக்கும். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "அதுக்குமே என்னய அடையாளந் தெரியலயாட்ட இருக்குது" என்றாள். அப்படிச் சொல்லாதீங்க்கா என்று பக்கத்தில் போய், வெளிச்சம் விழும்படி நாற்காலியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் தடவை, படத்தில் ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும் என்றது. என் முகமும் விழுந்திருந்தது.

"பாத்தியா, இதுவும் உன்னய வெட்டச் சொல்லுது" என்றாள் அக்கா.

மூன்றாம் தடவை போனுக்குத் தெரியாமல் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அக்கா நேராகப் பார்த்தாள். இடது கை மட்டும் கீழே இறங்கித் துழாவி, என் தோளைக் கண்டுபிடித்து நின்றது. கண்ணைச் சிமிட்டு என்று போன் சொன்னது. அக்கா சிமிட்டினாள். பச்சை எழுத்து வந்தது.

"என்னங்குது?"

"உசுரோட இருக்கறீங்களாமா."

"எத்தன நாளைக்கு?"

"ஒரு வருசத்துக்குங்க்கா. அடுத்த வருசம் மறுக்காக் காட்டோணும்."

"அப்ப அடுத்த வருசமும் நீயே வந்துரு" என்றாள் அக்கா. போன் அணைந்துவிட்டது. என் தோளிலிருந்த கையை அவள் எடுக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை.